படம் போட்ட பலகை வழிகாட்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நண்பர்கள் குழு தங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டிப் பலகைகள் செய்து தர விரும்புகிறது. அங்கே வருகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். படிக்கத் தெரியாதவர்களும் உண்டு, கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தவரும் உண்டு. "ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு படம் போட்டுவிட்டால், யாரையும் கேட்காமலே எல்லாரும் போய்ச் சேர்ந்துவிடுவார்களா?" என்று கேட்கிறார்கள்.

வழிகாட்டிப் பலகை வேலையில் பல வருடமாக இருக்கிறேன், அதனால் நேரடியாகவே சொல்கிறேன். படம் மட்டும் போட்டால் போய்ச் சேர மாட்டார்கள். பெரும்பாலும் பலகை தோற்றுப்போவது படம் அழகாக இல்லாததால் அல்ல. படத்தைப் பார்த்ததும் அதன் பொருள் புரிந்துவிடும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் சிக்கல். புரிந்துகொள்வது கடினம். கையில் இருப்பதையும் சுவரில் இருப்பதையும் பொருத்திப் பார்ப்பது எளிது. உங்கள் மருத்துவமனைக்கு நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

இதை மிக நன்றாகச் செய்து காட்டிய இடம் மெக்சிகோ நகரத்தின் மெட்ரோ. 1969 செப்டம்பரில் அதன் முதல் பாதை திறக்கப்பட்டது. அன்று மெக்சிகோவில் பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்கு முந்தைய ஆண்டு அங்கே நடந்த ஒலிம்பிக்குக்கு வடிவமைப்பு செய்த லான்ஸ் வைமன் என்ற அமெரிக்கரும் அவருடைய மெக்சிகோ சகாக்களும் சேர்ந்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு படக்குறியும் கொடுத்தார்கள். சபுல்தெபெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி. பெரிய சந்தை இருக்கும் மெர்சேத் நிலையத்துக்கு ஆப்பிள் அடுக்கிய பெட்டி. பெய்யாஸ் ஆர்த்தெஸ் நிலையத்துக்கு, மேலே இருக்கும் கலை மாளிகையின் முகப்பு. பினோ சுவாரெஸ் நிலையத்துக்கு, மெட்ரோவுக்காகத் தோண்டியபோது கிடைத்த ஒரு சிறிய அஸ்டெக் கோயில். அந்தக் கோயிலை அப்புறப்படுத்தாமல் நிலையத்துக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். இன்றும் பயணிகள் அதைக் கடந்துதான் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாறுகிறார்கள்.

அந்த வெட்டுக்கிளிக்கு என்ன பொருள் என்று பயணிக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த இடத்தின் பழைய பெயரில் வெட்டுக்கிளி இருக்கிறது என்பது தெரிந்தால் மகிழ்ச்சி, தெரியாவிட்டாலும் பாதகமில்லை. வீட்டில் ஒருவர் "வெட்டுக்கிளி போட்ட ஸ்டேஷன்ல இறங்கு" என்று சொல்லி அனுப்பினால் போதும். ரயில் பெட்டிக்குள் கதவுக்கு மேலே உள்ள பாதைப் படத்திலும் வெட்டுக்கிளி, நடைமேடைச் சுவரிலும் வெட்டுக்கிளி, வெளியே வாசல் பலகையிலும் அதே வெட்டுக்கிளி, அதே பாதையின் அதே இளஞ்சிவப்பு நிறத்தில். பயணி செய்ய வேண்டியது, மனதில் உள்ள படமும் கண்ணெதிரே உள்ள படமும் ஒன்றுதானா என்று பார்ப்பது மட்டும்தான். அதற்கு எழுத்தும் வேண்டாம், மொழியும் வேண்டாம். இவ்வளவு வருடம் கழித்தும், புதிய நிலையம் திறந்தால் அதற்கும் ஒரு குறி வரைகிறார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. 1951-52 பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி ஓட்டுப்பெட்டி, பெட்டியின் மேல் அவருடைய சின்னம். படிக்காத கோடிக்கணக்கான மக்கள் சரியான பெட்டியைக் கண்டுபிடித்து ஓட்டுப் போட்டார்கள். எந்தச் சின்னமும் தன் கட்சியின் கொள்கையை விளக்கவில்லை. மற்ற சின்னங்களிலிருந்து பிரித்து அடையாளம் காண முடிந்தது, பிரசாரத்தில் பார்த்ததும் பெட்டியில் இருந்ததும் ஒன்றாக இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

இப்போது உங்கள் மருத்துவமனைக்கு வருவோம். எக்ஸ்ரேவுக்கு எலும்புப் படம் போடலாம், பெரும்பாலானோர் புரிந்துகொள்வார்கள். கண், பல், பிரசவம் எல்லாம் சரி. தோல் நோய்க்கு என்ன வரைவீர்கள்? பொது மருத்துவத்துக்கும் பொது அறுவைச் சிகிச்சைக்கும் என்ன வித்தியாசம் காட்டுவீர்கள்? சிறுநீரகப் படம் போட்டால் அது அவரைக்கொட்டை மாதிரி தெரியும். அதைப் பார்த்து "இதுதான் என் பிரிவு" என்று ஒரு பாட்டி முடிவெடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் நோயாளிகளை மனதில் வைத்துத் தொடங்கிய 'ஆப்லாமோஸ் ஹுன்டோஸ்' என்ற திட்டம் 50-க்கும் மேற்பட்ட மருத்துவமனைப் படக்குறிகளை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று கொடுத்திருக்கிறது. பல மொழி பேசுகிறவர்களிடம் காட்டிச் சோதித்து எடுத்தவை அவை. படம் வேண்டுமென்றால் அங்கிருந்து எடுங்கள், புதிதாக வரையாதீர்கள். ஆனால் உங்கள் பலகையின் முதுகெலும்பாகப் படத்தை வைக்காதீர்கள். எண்ணை வையுங்கள்.

எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களில் பெரும்பாலோருக்கு எண் தெரியும். ரூபாய் நோட்டில் பழகியது, பஸ்ஸில் பழகியது. சென்னையில் 29 சி எங்கே போகும் என்று பலகையில் உள்ள ஊர்ப் பெயரைப் படிக்காமலே ஏறி இறங்குகிறவர்கள் ஏராளம். வடமாநிலத் தொழிலாளிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் 7 என்ற எண் அவருக்கும் 7தான். மருத்துவமனையில் ஏற்கெனவே எல்லாரும் "பதினேழாம் நம்பர் ரூமுக்குப் போங்க" என்றுதான் பேசுகிறார்கள். அந்த எண்ணைக் கதவின் ஓரத்தில் உள்ளங்கை அளவு தகட்டில் ஒளித்து வைத்திருப்பதுதான் குறை. அதைக் கதவுக்கு மேலே, வராந்தாவின் கடைசியிலிருந்து தெரியும் அளவுக்குப் பெரிதாக, நடந்து வருகிறவருக்கு முகம் காட்டும்படி சுவரிலிருந்து குறுக்கே நீட்டி வையுங்கள். சுவரோடு ஒட்டி வைத்த பலகை, நேர் எதிரே வந்து நின்றால்தான் தெரியும்.

அப்புறம் ஓ.பி. சீட்டு. என் கணக்கில் உங்கள் திட்டத்தில் மிக முக்கியமான பலகை அதுதான். பதிவு செய்யும் இடத்தில் கொடுக்கும் அந்தத் துண்டுச் சீட்டில் அறை எண்ணைப் பெரிதாகப் போட்டு, அந்தப் பகுதிக்கான நிறத்தில் ஒரு வட்ட முத்திரையும் குத்தி அனுப்பச் சொல்லுங்கள். தரையில் அதே நிறத்தில் ஒரு கோடு. கோடு போகும் வழியே போனால், சீட்டில் உள்ள எண்ணும் கதவின் மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். யாரிடமாவது கேட்டாலும் சீட்டைக் காட்டினால் போதும், பிரிவின் பெயரைச் சொல்லத் தெரிய வேண்டியதில்லை. மெக்சிகோவில் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னதை நீங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறீர்கள். உடம்பு முடியாமல், பயந்துபோய் வருகிறவரிடம் "ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லாமல் இருப்பதே பெரிய உதவி.

நிறக் கோட்டில் இரண்டு எச்சரிக்கை. நான்கு நிறத்துக்கு மேல் போகாதீர்கள். ஆரஞ்சும் சிவப்பும், ஊதாவும் நீலமும் மங்கலான வராந்தாவில் ஒன்றாகத்தான் தெரியும். ஆண்களில் சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கவே முடியாது, ஆகவே கோட்டின் மேலேயே சில அடிக்கு ஒருமுறை அந்தப் பகுதியின் எண்ணையும் எழுதிவிடுங்கள். நெடுஞ்சாலை மைல்கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. நிறம் சொல்வது எந்த வகைச் சாலை என்பதை மட்டும். ஊரும் தூரமும் எழுத்திலும் எண்ணிலும்தான் இருக்கும். நிறம் தெரியாதவனும் அதில் ஊர் போய்ச் சேரலாம். நிறத்தை அந்த அளவுக்கே நம்ப வேண்டும்.

படத்தின் பொருள் புரிந்தே ஆக வேண்டிய இடங்களும் சில இருக்கின்றன. கழிப்பறை, அவசர வழி, குடிநீர், கதிர்வீச்சு உள்ள எக்ஸ்ரே அறைக்குள் வராதே என்பது. இவற்றில் சொந்தக் கற்பனை வேண்டாம்.

அவசர வழிக்கான பச்சை ஓடும் மனிதனை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் ஜப்பானின் ஒசாகாவில் சென்னிச்சி வணிகக் கட்டடத்தில் தீப்பிடித்து 118 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு குமமோட்டோவில் இன்னொரு பல்பொருள் அங்காடியில் நூறு பேருக்கு மேல் போனார்கள். அங்கே அதுவரை அவசர வழியை எழுத்தில்தான் எழுதியிருந்தார்கள். அதற்குப் பின் போட்டி நடத்தி, ஆயிரக்கணக்கான வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, யுகியோ ஓட்டாவின் குழு அதைச் செப்பனிட்டது. 1980-களில் அது சர்வதேசத் தரக்குறியாகவும் ஆனது. இன்று நம் ஊர் திரையரங்கிலும் அதே மனிதன்தான் ஓடுகிறான். அதில் கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. இடப்பக்கம் ஓடுபவன், வலப்பக்கம் ஓடுபவன் என்று இரண்டு வடிவம் உண்டு. வழி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடுகிறவனைத்தான் மாட்ட வேண்டும். கடையில் கிடைத்த ஒன்றையே பத்து வாங்கி எல்லா இடத்திலும் மாட்டிவிட்டால், பாதி இடத்தில் அவன் சுவரைப் பார்த்து ஓடுவான். புகையில் தடவிக்கொண்டு வருகிறவர் அவனை நம்பித்தான் திரும்புவார்.

பாதுகாப்புக் குறிகளுக்கு அமெரிக்கத் தரநிலையில் ஒரு சோதனை இருக்கிறது. மக்களிடம் காட்டினால் 100 பேரில் 85 பேராவது சரியாகச் சொல்ல வேண்டும். அத்துடன், அதை நேர் எதிராகப் புரிந்துகொள்கிறவர்கள் 5 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த இரண்டாவது விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. "தெரியலை" என்று சொல்கிறவர் இன்னொருவரிடம் கேட்பார், பிழைத்துக்கொள்வார். தப்பாகத் தெரிந்துகொண்டவர் கேட்க மாட்டார், நேராக உள்ளே போய்விடுவார்.

கழிப்பறைக்கு முக்கோணப் பாவாடை போட்ட உருவம் உலகமெங்கும் செல்லும். ஆனால் நம் ஊர் கட்டணக் கழிப்பறைகளில் ஓவியர்கள் வரையும் பொட்டு வைத்த பெண் முகமும் மீசை வைத்த ஆண் முகமும், சேலை கட்டிய ஒரு கிராமத்து அம்மாவுக்கு அதைவிட வேகமாகப் புரியும். விமான நிலையமாக இருந்தால் நான் பாவாடை உருவத்தைத்தான் சொல்வேன். உங்கள் மருத்துவமனைக்கு முகத்தையே வரையுங்கள், பெரிதாக.

மருந்து கொடுக்கும் இடத்துக்கோ அவசர சிகிச்சைக்கோ வெள்ளையில் சிவப்புச் சிலுவை போடாதீர்கள். பலரும் போடுகிறார்கள். அது போர்க்களத்தில் மருத்துவப் பணியைக் காக்கும் சின்னம். இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைச் சட்டப்படி, அதை அனுமதியில்லாமல் பயன்படுத்துவது குற்றம்.

அடுத்தது அம்புக்குறி. மேல்நோக்கிய அம்பு பலகை செய்கிறவருக்கு "நேராகப் போ". வருகிறவர்களில் பலருக்கு அது "மாடிக்குப் போ". பக்கத்தில் படிக்கட்டு இருந்துவிட்டால் நிச்சயமாக மாடிக்குத்தான் போவார்கள். அரசு மருத்துவமனை மாடிப்படியில் கட்டுப்போட்ட காலோடு ஏறி, மறுபடி இறங்கி வருகிறவரைப் பார்த்தால் மனசு பதறும். படிக்கட்டு அருகில் நேர் அம்பைத் தவிர்த்துவிடுங்கள். தரைக்கோடு இருந்தால் அங்கே அம்பே தேவைப்படாது. மாடிக்கு அனுப்ப வேண்டுமென்றால் படிக்கட்டின் படத்தை வரைந்து, மாடி எண்ணையும் போடுங்கள். இடப்பக்கம் திரும்பச் சொல்லும் வரியில் அம்பு இடது ஓரத்தில் இருக்கட்டும், வலப்பக்கத்துக்கு வலது ஓரத்தில். எல்லா அம்பையும் ஒரே ஓரத்தில் வரிசையாக அடுக்கினால் பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் கண் தடுமாறும்.

பலகை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு நம் பழைய சாலைக் கைகாட்டிகளே போதிய பாடம். அவை பிரிவு வரும் இடத்தில், கிளை பிரியும் முனையில் நின்றன. உங்கள் கட்டடத்திலும் ஒருவர் "இப்படியா, அப்படியா?" என்று தயங்கும் ஒவ்வொரு முனையிலும் ஒரு பலகை வேண்டும். திரும்பிய பிறகு கொஞ்ச தூரத்தில், சரியாகத்தான் வந்துகொண்டிருக்கிறோம் என்று உறுதி சொல்ல இன்னொன்று. வாசலில் முப்பது பிரிவுகளையும் வரிசையாக எழுதிய ஒரு பெரிய பலகை பெயருக்கு நன்றாக இருக்கும், அதன் கீழ் நன்கொடையாளர் பெயரும் கம்பீரமாக இருக்கும். அதைப் படித்து நான்கு திருப்பம் தாண்டி நினைவில் வைத்துக்கொண்டு போகிறவர் யாரும் இல்லை. உங்கள் பணம் அந்த ஒரு பலகையிலேயே கரைந்துபோவதுதான் எனக்குக் கவலை.

ஒரே மாதிரி இருக்கும் இடங்களில்தான் மனிதர்கள் அதிகம் தொலைகிறார்கள். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒரு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே சுற்றி வந்தால், எந்தக் கோபுரம் வழியாக வந்தோம் என்பதே மறந்துவிடும். நான்கு திசையிலும் நான்கு பெரிய கோபுரங்கள், வெளியூர்க்காரர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். மதுரைக்காரர்கள் திசையைச் சொல்லி மட்டும் பேசுவதில்லை. வடக்குக் கோபுரம் அவர்களுக்கு மொட்டைக் கோபுரம். யாரையாவது காத்திருக்கச் சொன்னால் முக்குறுணி விநாயகர் சந்நிதி, அல்லது பொற்றாமரைக் குளத்துப் படி. மாற்றிப் புரிந்துகொள்ளவே முடியாத அடையாளங்கள் இவை. உங்கள் மருத்துவமனையிலும் எல்லா வராந்தாவும் ஒரே மஞ்சள் சுண்ணாம்பு, ஒரே பச்சைக் கதவுதானே? ஒவ்வொரு வராந்தாவின் முடிவிலும் உள்ள சுவரைத் தனித்தனி நிறத்தில் அடித்து, ஒன்றில் பெரிய யானை, இன்னொன்றில் மயில், வேறொன்றில் தென்னை என்று வரைந்துவிட்டால், "மயில் படத்துக்கிட்ட திரும்புங்க" என்று காவலரே சொல்ல ஆரம்பித்துவிடுவார். இந்தப் படங்களுக்கும் பிரிவுகளுக்கும் எந்தச் சம்பந்தமும் வேண்டாம். உள்ளூர் ஓவியர் ஒருவர் இரண்டு நாளில் முடித்துவிடுவார். செலவும் அக்ரிலிக் பலகையைவிடக் குறைவு.

எழுத்தின் அளவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். பொதுவாக, ஏழு எட்டு மீட்டர் தூரத்திலிருந்து படிக்க 25 மில்லிமீட்டர் உயர எழுத்து என்பது இந்தத் தொழிலில் உள்ள கணக்கு. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கானது. தமிழில் கொம்பும் சுழியும் நெருக்கமாக வரும், ணை, னூ போன்றவை தூரத்தில் கலங்கிவிடும். ஆகவே இன்னும் பாதியாவது கூட்டிக்கொள்ளுங்கள். இடம் போதவில்லை என்றால் வார்த்தையைக் குறையுங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். "புறநோயாளிகள் பதிவுப் பிரிவு" என்று எழுதுவதைவிட "ஓ.பி. சீட்டு" என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும், எழுத்தும் இரண்டு மடங்கு பெரிதாகும். பின்னணி வெளிர் நிறம், எழுத்து கறுப்பு. ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் மஞ்சளும் கறுப்பும் தூரத்திலிருந்தே கண்ணில் படுவதை நாம் தினமும் பார்க்கிறோமே. பளபளப்பான பலகை டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கும், மங்கலான பூச்சுள்ளதாகக் கேளுங்கள்.

பார்வையற்றவர்களுக்குத் தரையில் பதிக்கும் மேடுள்ள மஞ்சள் கற்களையும் திட்டத்தில் சேர்த்திருப்பதாகச் சொன்னீர்கள். நல்ல விஷயம். அது ஜப்பானில் செய்ச்சி மியாகே என்பவர் உருவாக்கியது. 1967-இல் ஒகாயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடு உள்ள கல் "தொடர்ந்து நட", புள்ளி உள்ள கல் "நில், கவனி". பதிக்கும் மேஸ்திரிக்கு இந்த வித்தியாசம் தெரியாவிட்டால், இரண்டையும் கலந்து கோலம் போட்டுவிடுவார். நம் நடைபாதைகளில் அந்தக் கோடு மின்கம்பத்தில் போய் முட்டுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதிக்கும் நாளில் உங்களில் ஒருவர் கூடவே நில்லுங்கள். முடிந்தால் அந்த ஊரில் உள்ள பார்வையற்ற ஒருவரையே அழைத்து நடந்து பார்க்கச் சொல்லி, அவர் சொன்ன பிறகு சிமெண்ட் பூசுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? ஒரு காலை நேரம் மருத்துவமனையைச் சுற்றிவந்து, சுவரில் ஒட்டியிருக்கும் கையெழுத்துக் காகிதங்களை எல்லாம் போட்டோ எடுங்கள். "இது மருந்து கொடுக்கும் இடம் இல்லை", "சுகர் டெஸ்ட் பின்பக்கம்", "இங்கே கேட்காதீர்கள்". செவிலியர்கள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போய் ஒட்டியவை அவை. பலகை எங்கே தேவை என்பதை அவற்றைவிடத் துல்லியமாக எந்த ஆலோசகரும் சொல்ல மாட்டார். பிறகு வாசல் காவலரோடு அரைமணி நேரம் உட்காருங்கள். மக்கள் என்ன வார்த்தையில் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். "ஸ்கேன்" என்று கேட்டால் பலகையிலும் ஸ்கேன் என்றே இருக்கட்டும்.

அடுத்து, எல்லாப் பலகையையும் முதலில் சாதாரணக் காகிதத்தில் அச்சடித்து ஒட்டி இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். முதல்முறையாக வருகிற, படிக்கத் தெரியாத ஒரு பெரியவர் சம்மதித்தால், அவர் பின்னாலேயே பேசாமல் நடந்து பாருங்கள். அவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்பிப் பார்க்கிறார், யாரைக் கேட்கிறார் என்பது தெரியும். காகிதத்தைக் கழற்றி இடம் மாற்ற ஐந்து நிமிடம் போதும். உலோகத் தகட்டைச் சுவரில் திருகிய பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து உண்மையான பலகைக்கு ஆர்டர் கொடுக்கும்போது, சட்டத்துக்குள் பட்டைகளைச் செருகும் வகையாகக் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் பிரிவுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பட்டையை உருவி வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. எந்தப் பிரிவு மாறினாலும் அன்றே பழைய பட்டையை எடுப்பது யார் பொறுப்பு என்பதைக் கண்காணிப்பாளரிடம் பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு பலகையை ஒப்படையுங்கள்.